ஒன்பதின் ஓசைக்குத் திறக்கும் கதவு

சென்னை நகரத்து அடுக்குமாடிக் கட்டடங்களின் வாயிலில் இன்று வைக்கப்படும் ஏற்பாடுகளுள் பெரும்பாலானவை, வீட்டுக்குள் இருப்பவரிடம் ஒரு ஸ்மார்ட்போனும், அதற்கு ஓயாத இணையத் தொடர்பும், அதன் திரையில் பொடி எழுத்தில் தோன்றும் அறிவிப்பை அந்தக் கணமே படித்து அந்தக் கணமே பதில் சொல்லும் விரைவும் இருக்கும் என்ற அனுமானத்தின் மேல் நிற்பவை. எழுபதைக் கடந்த தம்பதிகள் தனியே வசிக்கும் வீடுகளே மிகுந்த நங்கநல்லூர்க் கட்டடம் ஒன்றில், பிள்ளைகள் அயல்நாட்டில் இருக்க, வாட்ச்மேனும் இரவு வேளையில் இல்லாதிருக்க, அந்த அனுமானம் எவ்வளவு சிரமத்தை உண்டாக்குகிறது என்பதை அங்கே குடியிருப்பவன் என்ற முறையில் நன்கு அறிவேன். ஆகையால், சாதாரணத் தொலைபேசி அழைப்பின் வழியாகவே கதவைத் திறக்கும் பேனல் ஒன்றை வாங்குவதென்று எங்கள் சங்கம் நிச்சயித்தபோது மனமார ஆதரித்தேன். அதைத் தூணில் பொருத்திய நாளிலும், ஃபிளாட்டுகளின் எண்களை ஒவ்வொன்றாக அதனுள் பதிந்த நாட்களிலும் உடனிருந்தேன். ஒரு மழைக்காலம் முழுவதையும் அதனோடு கழித்த பிறகே இதை எழுதுகிறேன்.

கருவியின் செயலை விஸ்தாரமாக விளக்க வேண்டியதில்லை. வருபவர் பேனலில் வீட்டுக்கு உரிய மூன்று இலக்க எண்ணை அழுத்துகிறார். உள்ளே இருக்கும் சிம் கார்டின் வழியே வீட்டாரின் ஃபோனுக்கு அழைப்பு போகிறது. யார், என்ன காரியம் என்று விசாரித்தறிந்து வீட்டார் ஒன்பதை அழுத்தினால், ரிலே ஒன்று இயங்கிக் காந்தப் பூட்டின் மின்சாரத்தைச் சில விநாடிகள் துண்டிக்க, கதவு விடுபடுகிறது. டோர்கிங், லீனியர், மிர்காம் முதலிய ஸ்தாபனங்கள் அமெரிக்காவிலும் கனடாவிலும் செப்புக் கம்பித் தொலைபேசியை நம்பிப் பல்லாண்டுகளாகச் செய்துவந்த சாதனங்களின் வம்சத்தைச் சேர்ந்ததே இதுவும்; கம்பி இருந்த இடத்தில் சிம் வந்திருக்கிறது, அவ்வளவே. 12 வோல்ட் மின்சாரம், துருப்பிடிக்காத எஃகு முகப்பு, இருட்டில் ஒளிரும் பொத்தான்கள் ஆகியவற்றையெல்லாம் கடைக்காரர் தரும் தாளே சொல்லிவிடும். அந்தத் தாள் ஒரு வார்த்தையும் சொல்லாத விஷயம், ஒன்பதை அழுத்தியவுடன் என்ன நேர்கிறது என்பதுதான். இந்தப் பேனலின் பெருமையும் குறையும் அங்கேதான் இருக்கின்றன.

இங்கே சாவி என்பது ஓர் ஓசை. அமெரிக்காவின் பெல் ஸ்தாபனம் 1963ஆம் ஆண்டில் பொத்தான் தொலைபேசியைப் பொதுமக்களின் உபயோகத்துக்குக் கொணர்ந்தபோது, ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு சுத்தமான ஸ்வரங்கள் ஒருங்கே ஒலிக்குமாறு ஒரு முறையை வகுத்தார்கள். கிடைவரிசைக்கு ஒரு ஸ்வரம், செங்குத்து வரிசைக்கு மற்றொன்று என்ற அந்தக் கணக்கில் ஒன்பதுக்கு வாய்த்தவை 852 ஹெர்ட்ஸும் 1477 ஹெர்ட்ஸும். ஒரு ஸ்வரம் மற்றொன்றின் மடங்காக அமையாதபடி தேர்ந்தெடுக்கப்பட்டமையால், மனிதக் குரலில் இந்தச் சேர்க்கை தற்செயலாகப் பிறப்பது அபூர்வம். நல்ல கம்பியில் 40 மில்லிசெகண்டு நேரம் ஒலித்தாலே போதும், எதிர்முனைக் கருவி எண்ணைப் புரிந்துகொள்ளும். அறுபது ஆண்டுகளுக்கு முன் வகுத்த ஒரு முறை, இன்று உலகத்தில் செய்யப்படும் அநேகமாக எல்லாத் தொலைபேசிகளிலும், ஆயிரம் ரூபாய் ஃபோனிலும் லட்ச ரூபாய் ஃபோனிலும், பேதமின்றி இருக்கிறது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு உண்மையான மரியாதை உண்டாகிறது. வீட்டார் எதையும் புதிதாக வாங்க வேண்டாம், நிறுவ வேண்டாம், கற்க வேண்டாம் என்ற சௌகரியத்துக்கு ஆதாரம் இதுதான்.

ஆனால் கம்பி இல்லாத உலகத்தில் அந்த ஓசையின் பிரயாணம் சுலபமானதன்று. கைப்பேசியில் ஒன்பதை அழுத்துகையில் அது ஓசையாகப் புறப்படுவதே இல்லை. இன்ன எண் அழுத்தப்பட்டது என்ற குறிப்பாக வலையமைப்புக்குச் சென்று, வழியில் ஓரிடத்தில் ஓசையாக உண்டாக்கப்பட்டு, பேச்சோடு பேச்சாக எதிர்முனைக்கு அனுப்பப்படுகிறது. எதிர்முனையிலும் ஒரு சிம்மே இருந்து, அதுவும் 2ஜி அலையில் பேசிக்கொண்டிருந்தால், கோபுரத்திலிருந்து பேனல் வரையிலான கடைசித் தூரத்தில் அந்த இரண்டு ஸ்வரங்களும் குரலைச் சுருக்கி அனுப்பும் கணக்கினுள் புகுந்து வெளிவர வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கு மனிதத் தொண்டையின் இயல்பை அடிப்படையாகக் கொண்டது. மிருதங்கத்தின் நாதத்தை வாயால் சொல்லிக் காட்டுவது போல, அது ஸ்வரங்களைத் தன்னால் இயன்ற மட்டும் ஒப்பித்துக் காட்டுகிறது. சிக்னல் நன்றாக இருக்கையில் விநாடிக்கு 12.2 கிலோபிட் வரை கிடைப்பதால் ஒப்பித்தல் தெளிவாக இருக்கிறது. சிக்னல் குன்றக் குன்ற அது 4.75 கிலோபிட் வரை இறங்கிவிடக் கூடும். அப்பொழுது பேச்சு சற்றே கரகரத்தாலும் புரிகிறது. ஒன்பது மட்டும் புரிவதில்லை.

எங்கள் கட்டடத்தில் நேர்ந்தது இதுவே. பேனலோடு வந்த கையேட்டில், விரலளவு ஆன்டெனாவை எஃகுப் பெட்டியின் உட்புறமாகவே விட்டு மூடும்படி படம் போட்டிருந்தது. எலக்ட்ரீஷியன் அந்தப் படத்தின்படியே மூடினார். குரல் குறையின்றிக் கேட்டது. ஆகவே வேலை முடிந்துவிட்டதென்று எல்லோரும் நம்பினோம். மறுநாள் மூன்றாம் மாடியில் இருக்கும் மாமி, காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் பேசிவிட்டு ஒன்பதை அழுத்துகிறார், கதவு அசையவில்லை, மீண்டும் அழுத்துகிறார், அதற்குள் பேச்சுக்கென்று வகுத்த நேரம் முடிந்து அழைப்பு அறுந்துவிடுகிறது. முழங்கால் வலியோடு அவர் படியிறங்கி வந்ததைக் கண்டபோது எனக்கு உண்டான வருத்தம், அந்தக் கையேட்டை எழுதியவர்கள் மேல் கோபமாகவே மாறிற்று. ஆன்டெனாவை நீள் கேபிள் ஒன்றால் பெட்டிக்கு வெளியே கொணர்ந்து, மதிலின் உச்சியில் இரும்புக் கம்பி எதுவும் அருகில் இல்லாத இடத்தில் நிறுத்திய பிறகு, பேனல் 4ஜி அலையிலேயே நிலைத்து நின்றது. அந்த அலையில் எண் அழுத்தத்தைக் குரலோடு கலக்காமல் குறிப்பாகவே கடைசிவரை கொண்டு செல்லவும் வழி உண்டு. “அம்மா, லேசா தட்டாதீங்க, கொஞ்சம் அழுத்திப் புடிங்க” என்று எலக்ட்ரீஷியன் கீழிருந்து சொன்னார், மாமி பிடித்தார், பூட்டு விடுபடும் ‘டக்’ என்ற சப்தம் படிக்கட்டு வரை கேட்டது.

இந்தப் பேனலைப் பொறுத்தவரை மாமியின் பழைய பொத்தான் ஃபோன்தான் உத்தமமானது என்பது நான் எதிர்பாராத இன்பம். ஸ்மார்ட்போனைக் காதில் வைத்தவுடன் திரை அணைந்துவிடுகிறது. ஒன்பதை அழுத்த வேண்டுமானால் ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, திரை விழிக்கும் வரை பொறுத்து, பொத்தான் பலகைக்கான சிறு படத்தைத் தேடித் தட்டி, பலகை மேலெழுந்த பிறகு எண்ணை அழுத்த வேண்டும். அத்தனையும் முடிவதற்குள் வாயிலில் நிற்பவர் “ஹலோ, ஹலோ” என்று இருமுறை கூப்பிட்டுவிடுகிறார். மாமியோ பேசிக்கொண்டே கட்டைவிரலால் தடவி, மேடு தட்டிய ஐந்தாம் பொத்தானிலிருந்து ஒரு வரிசை கீழே, ஒன்று வலப்பக்கம் என்று கண்டு, பாராமலே அழுத்துகிறார். பேச்சு நேரத்தை நீட்டிக்கப் பேனலில் வழியிருப்பதால், ஸ்மார்ட்போன்காரர்களுக்காக அதை நாங்கள் தாராளமாகவே வைத்தோம்.

பேனலுக்குள் எண்களைப் பதியும் முறையைப் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. நட்சத்திரக் குறி, மாஸ்டர் கோட், கட்டளை எண், வீட்டு எண், தொலைபேசி எண், இறுதியில் சதுரக் குறி என்று ஒரு நீண்ட வரிசையை வெயிலில் நின்று தவறின்றி அழுத்த வேண்டும். முடிவில் பேனல் தரும் பதில் ஒரு சிறு ‘பீப்’ அல்லது ஒரு நெடிய ‘பீப்’. குறுகியது சம்மதம், நெடியது மறுப்பு. எதை மறுத்தது, எந்த இலக்கத்தில் பிசகு என்பதை அது தெரிவிப்பதில்லை. பதிந்த எண்ணைத் திரும்பக் காட்ட அதற்குத் திரையும் இல்லை. ஒரு வீட்டாரின் எண் ஓர் இலக்கம் மாறிப் பதிவானால், வேறெங்கோ உறங்கிக்கொண்டிருக்கும் முகம் தெரியாத ஒருவருக்கு நள்ளிரவில் மணி அடிக்கும் என்பதும், அவர் விளையாட்டாக ஒன்பதை அழுத்தினால் எங்கள் கதவு திறக்கும் என்பதும் அலட்சியப்படுத்தத் தக்க விஷயங்கள் அல்ல. நல்ல வேளையாக, அதே கட்டளைகளை எஸ்.எம்.எஸ். மூலம் அனுப்பவும், பதிவானதை எஸ்.எம்.எஸ். மூலமே திரும்பப் பெறவும் இயலும் என்ற விவரம் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருந்தது. முதற்பக்கத்தில் அச்சிட வேண்டிய செய்தி அது. தொழிற்சாலையிலிருந்து வரும் மாஸ்டர் கோட் எல்லாப் பேனல்களுக்கும் ஒன்றே என்பதால், வேறெதையும் பதியும் முன்பு அதை மாற்றியாக வேண்டும் என்ற எச்சரிக்கையும் அந்தப் பக்கத்துக்கே உரியது.

பதிந்து முடித்த பிறகு இந்த ஏற்பாட்டின் ஒரு நற்குணம் வெளிப்பட்டது. வருபவருக்குத் தெரிவது வீட்டின் மூன்று இலக்கம் மட்டுமே. கூரியர்காரருக்கோ, ஒருநாள் வந்துபோகும் பிளம்பருக்கோ வீட்டாரின் கைப்பேசி எண் தெரிய வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. தனியே வசிக்கும் பெண்களுக்கு இது சாமானிய நன்மையன்று. வீட்டார் காலர் டியூன் வைத்திருந்தால் அது வாயிலில் உரக்க ஒலிப்பதும் உண்டு. ஆனால் அழைப்பை எடுக்கும் வரை இந்தப் பேனல் எந்த ஸ்வரத்துக்கும் செவிகொடுப்பதில்லை. ஆகவே பாட்டுக்குக் கதவு திறந்துவிடும் அபாயம் இல்லை. வாயிலில் நின்றபடி ஒன்பதின் ஓசையை வேறொரு ஃபோனிலிருந்து ஒலிவாங்கிக்கு அருகில் எழுப்பியும் சோதித்தோம், கதவு திறக்கவில்லை. பதிந்த எண்ணிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தாலே திறக்கும் வசதியும் இதில் இருக்கிறது. அழைப்பவரின் எண்ணைப் போலியாகக் காட்டுவது இயலக்கூடிய காரியமாகையால் அதை அணைத்தே வைத்திருக்கிறோம்.

கதவின் உயிர் ஒரு சிம் கார்டில் இருக்கிறது என்பதைக் குடியிருப்போர் சங்கங்கள் போதிய சிரத்தையோடு சிந்திப்பதில்லை. 28 நாளுக்கு ஒருமுறை ரீசார்ஜ் செய்யும் திட்டத்தில் சிம்மை வைத்தால், என்றேனும் ஒருநாள் செயலாளர் ஊரில் இல்லாத வேளையில் பேனல் ஊமையாகிவிடும். பேனலுக்கு வேண்டியது பேச்சும் எஸ்.எம்.எஸ்ஸும் மட்டுமே, டேட்டா ஒரு துளியும் வேண்டாம். டேட்டா இல்லாத திட்டங்களையும் தந்தே ஆக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதித்து, இத்தகைய சிறப்புத் திட்டங்களின் காலவரம்பையும் 90 நாளிலிருந்து 365 நாளாக உயர்த்தியது. வாயிற்பேனல்களுக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை என்பேன். ஜியோவுக்கு 2ஜி கிடையாதாகையால், மலிவான 2ஜி பேனலை வாங்கிவிட்டு அந்தச் சிம்மை உள்ளே இடுவதில் பிரயோஜனம் இல்லை. சிம் எந்த எண்ணோ அந்த எண்ணை எல்லா வீட்டாரும் ‘கேட்’ என்ற பெயரில் தத்தம் ஃபோனில் சேமித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அடிக்கடி பலரைக் கூப்பிட்டுச் சுருக்கமாகப் பேசும் அந்த எண்ணைத் தொல்லை அழைப்பு என்று ஃபோன்களே முத்திரை குத்திவிடுகின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் பல இடங்களில் ஒருங்கே அற்றுப்போனதை மறந்தவர் இல்லை. அத்தகைய நாளில் தொலைபேசியை நம்பிய எந்த வாயிலும் பேசாது. காந்தப் பூட்டு மின்சாரம் அற்றால் தானே விடுபடுவது. தீ விபத்தில் உயிர் காக்கும் அந்தக் குணமே, நெடிய பவர் கட்டில் கதவைத் திறந்துபோட்டுவிடும். ஆகவே 12 வோல்ட் பேட்டரி ஒன்றும், அதுவும் தீர்ந்தால் பூட்டுவதற்கு ஒரு சாதாரணப் பூட்டும், உட்புறத்திலிருந்து எவரும் அழுத்தி வெளியேறக்கூடிய பொத்தானும் விலைப்பட்டியலில் முதலிலேயே இடம்பெற வேண்டியவை; எங்களுக்கு விலை சொன்னவர் பேட்டரியைத் தனிச்செலவாகப் பிறகுதான் குறிப்பிட்டார்.

இத்தனை குறைகளையும் அறிந்த பிறகும், முதியவர்கள் வாழும் கட்டடத்துக்கு இதையே வாங்கச் சொல்வேன். 4ஜி உள்ளதாக, ஆன்டெனாவை வெளியே கொணரத் தக்கதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் தூணில் துளையிடுவதற்கு முன்பு, பேனலுக்கென்று வாங்கிய சிம்மை 4ஜி உள்ள பழைய பொத்தான் ஃபோன் ஒன்றில் போட்டு, பேனல் வரப்போகும் அதே இடத்தில், அதே உயரத்தில் அதைப் பிடித்துக்கொண்டு, மேல்மாடி வீடு ஒன்றை அழைத்து, அவர்களை ஒன்பதை அழுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். இரண்டு ஸ்வரங்களும் நடுக்கமின்றி, துண்டுபடாமல் ஒலித்தால் அங்கே பொருத்தலாம். கரகரத்தாலோ, பாதியில் அறுந்தாலோ, ஆன்டெனாவுக்கு வேறு இடம் தேடிய பிறகே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.