கருவிழியின் கணக்கு

கண்ணாடி போட்ட பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் பல வீடுகளில் எழும் முதல் யோசனை, "லேசிக் பண்ணிக்கோம்மா, பத்து நிமிஷ வேலைதான்" என்பது. நேரத்தைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒரு கண்ணில் லேசர் படுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவுதான். பள்ளியில் 'சோடாபுட்டி' என்று கேலி கேட்டு வளர்ந்தவளுக்கு அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு பெரிய விடுதலையாகத் தெரியும் என்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

இந்த அறுவையின் அடித்தளம் அபாரமானது. 1981இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வகத்தில், சென்னையில் பிறந்த வேதியியலாளர் ரங்கசாமி சீனிவாசனும் அவருடைய சகாக்களும் எக்சைமர் லேசரை வான்கோழி எலும்பின் மீது செலுத்திப் பார்த்தார்கள். 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தப் புற ஊதாக் கதிர், சுற்றியிருந்த திசுவைக் கருக்காமல், பட்ட இடத்தை மட்டும் துல்லியமாகச் செதுக்கியது. கருவிழியை மைக்ரான் கணக்கில் இழைக்க முடிந்தது அதனால்தான்.

செதுக்கிய திசு மறுபடி வளராது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன். 540 மைக்ரான் தடிமனும் மைனஸ் 4 பவரும் உள்ள ஒருவருக்கு, லேசிக்கில் மூடிபோல் திறக்கும் மேலடுக்குக்கு 110 போகும். ஒரு பவருக்குச் சுமார் 15 வீதம் இன்னொரு 60 போகும். அடியில் 370 மிஞ்சும், கவலையில்லை. அதே கணக்கை 480 மைக்ரான் தடிமனும் மைனஸ் 8 பவரும் உள்ளவருக்குப் போட்டால் மிஞ்சுவது 250. மருத்துவர்கள் வெகுகாலமாகக் கடைசி எல்லை என்று வைத்திருப்பது அதைத்தான். 300க்குக் கீழே இறங்கவே பலர் விரும்புவதில்லை. வலுவிழந்த கருவிழி, உள்ளிருக்கும் அழுத்தத்தால் சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ முன்புறம் பிதுங்கலாம். அரிதாகவே நடக்கும், ஆனால் நடந்துவிட்டால் எந்தக் கண்ணாடியாலும் முழுப் பார்வையைத் தர முடியாமல் போகலாம். கருவிழியின் வடிவத்தை வரைபடமாக எடுத்துப் பார்த்துவிட்டு "உங்களுக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பும் மருத்துவரை நான் நம்புவேன். தள்ளுபடி விளம்பரங்களில் அந்த வார்த்தைக்கு இடமே இல்லை.

லேசான குறைகளும் உண்டு. மேலடுக்கைத் திறக்கும்போது கருவிழியின் நுண்ணிய நரம்புகள் அறுபடுவதால் கண்ணீர் சுரப்பது குறைந்து கண் உலர்கிறது. பலருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடும், சிலருக்கு நீடிக்கும். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரியலாம். லேசிக் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பங்கேற்ற ப்ரௌல் ஆய்வுகளில், முன்பு இத்தகைய பார்வைத் தொல்லை எதுவும் இல்லாதவர்களில் 46 சதவீதம் வரை, மூன்றாம் மாதத்தில் புதிதாக ஒன்றையாவது சொன்னார்கள். அன்றாட வேலையே கடினமானதாகச் சொன்னவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலோர் மனநிறைவோடு இருந்தார்கள். இந்த எண்களைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லி விற்பதும் தவறு, மிரட்டுவதும் தவறு.

காண்டாக்ட் லென்ஸைப் பாதுகாப்பான நடுவழி என்று நினைக்க வேண்டாம். லென்ஸோடு தூங்குகிறவர்களுக்கும் குழாய்த் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கும் கருவிழிப் புண் வரும் ஆபத்து அதிகம். சுத்தத்தில் கவனம் தவறுகிறவர்களுக்கும், இரு கண்ணின் பவரிலும் பெரிய வித்தியாசம் இருந்து கண்ணாடி ஒத்துவராதவர்களுக்கும் அறுவையே நல்லது என்பேன்.

ஆனால் அறுவை மாற்றுவது கண்ணின் முன்புறத்தை மட்டுமே. அதிகக் கிட்டப்பார்வையால் நீண்டுபோன கண் நீண்டபடியே இருக்கும். விழித்திரை கிழியும் ஆபத்தும் அப்படியே இருக்கும். கண்ணாடி போய்விட்டது என்று பரிசோதனையையும் விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்தும் வரும். படிக்கும்போதாவது பெரும்பாலோருக்குக் கண்ணாடி திரும்பவும் தேவைப்படும்.

பதினெட்டு வயது நிறைந்து, பவர் ஓராண்டாவது மாறாமல் இருந்து, கருவிழி இடம்கொடுத்து, பெண்ணே விரும்பினால் செய்துகொள்ளட்டும். மாப்பிள்ளை வீட்டாருக்காக என்றால் வேண்டாம். செய்துகொண்டால், அறுவைக்கு முன் எடுத்த அளவுக் காகிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அறுபது வயதில் கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது, செதுக்கப்பட்ட கருவிழியை வைத்து மட்டும் பவரைக் கணிப்பது சிரமம். அன்றைய மருத்துவர் அந்தக் காகிதத்தைக் கேட்பார்.