பூக்கடை வெளிச்சம்

மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனுக்குக் கிழக்கே இருக்கும் பூக்கடைகளில் காலை எட்டரை மணிவாக்கில் ஓர் அருமையான வெளிச்சம் விழும். முகங்களைப் படமெடுக்கப் பழகுகிறவர்கள் எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டால், முதலில் அங்கே போய் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள் என்பேன்.

கடைக்கு மேலே மறைப்பு இருப்பதால் வெயில் நேராக முகத்தில் அடிக்காது. எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி, பக்கவாட்டில் கன்னத்தில் வந்து படியும். பூக்கட்டும் அக்காவுக்கு முன்னால் ஈரச்சாக்கின் மேல் மல்லிகை குவிந்திருக்கிறது. அந்த வெள்ளைக் குவியல்தான் தாடைக்கடியில் தங்கும் இருட்டைப் போக்குகிறது. கருவிழியில் ஒரு சின்ன ஒளிப்புள்ளியும் வைக்கிறது. ஸ்டூடியோவில் இந்த வேலைக்குத்தான் தெர்மாகோல் அட்டையைப் பிடிப்பார்கள். அந்தப் புள்ளி இல்லாத கண், படத்தில் தூங்கிவிடும்.

அதே மல்லிகை கேமராவை ஏமாற்றவும் செய்யும். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணி வெளிச்சத்தை அளப்பது கேமராவின் சுபாவம். வெள்ளை அதிகமிருந்தால் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். மாநிற முகம் கரிந்துபோகும். போன் திரையில் முகத்தைத் தொட்டு, அதற்கேற்ப வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் 'பியூட்டி' வசதியை அணைத்துவிடுங்கள். நெற்றியில் செம்பும் கன்னத்தில் காப்பிக்கொட்டையுமாக நம் தோலில் எத்தனை நிறம்! அதைச் சுண்ணாம்படித்துக் காட்டுவது எனக்குப் பொறுப்பதில்லை. மழைக்காலத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். அதன் நடுவில் உட்கார்ந்தவர் முகமெல்லாம் நீலம் பாரித்திருக்கும். விளிம்புப் பக்கம் நகரச் சொன்னால் போதும்.

தூரமும் முக்கியம். போனை முகத்துக்கு ஒரு முழத்தில் நீட்டினால் மூக்கு வீங்கும், காது பின்னுக்குப் போகும். காதைவிட மூக்கு அத்தனை பக்கத்தில் இருப்பதுதான் காரணம். நாலடி பின்வாங்கி, இரண்டு மடங்கு ஜூம் வைத்தால் முகம் தன் அளவுக்குத் திரும்பிவிடும்.

அடுத்த ஸ்டேஷனான தாதரில், 1948-இல் ஜே. எச். தாக்கர் இந்தியா போட்டோ ஸ்டூடியோவைத் தொடங்கினார். நர்கிஸ் போன்ற நட்சத்திரங்களை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தால் நிழலை எவ்வளவு தைரியமாக விட்டுவைத்திருக்கிறார் என்று தெரியும். முகம் முழுக்க வெளிச்சம் கொட்டுகிற இன்றைய கல்யாண ஆல்பங்களில் நான் தேடிக் கிடைக்காதது அந்த நிழல்தான்.

பழக வயது ஒரு தடையில்லை. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரனுக்கு மகள் கேமரா பரிசளித்தது 1863-இல். அப்போது அவருக்கு வயது 48. படங்கள் தெளிவாக இல்லை என்று பலர் குறை சொன்னார்கள். அவரோ முகத்துக்கு நெருங்கிப் போய், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்துக்கொண்டே இருந்தார். கடைசிக் காலத்தில் இலங்கைக்குக் குடிபோய் அங்கே உழைக்கும் மக்களையும் எடுத்தார். அந்த மண்ணிலேயே 1879-இல் இறந்தார். கண்ணாடித் தகட்டின் காலம் அது. உட்கார்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில் கேமராவுக்கென்று வைத்துக்கொண்ட முகம் கலைந்து, உள்ளிருக்கும் முகம் வந்துவிடுகிறது.

நமக்கும் அந்தக் காத்திருப்பு வேண்டியிருக்கிறது. போன மாதம் ஒரு பூக்கடை அக்காவிடம் கேட்டுவிட்டு எடுத்தேன். முதல் பத்துப் படத்திலும் ஆதார் கார்டுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பு. "நீங்க பாட்டுக்குக் கட்டுங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஊர்ப்பேச்சு பேசினேன். நாரைப் பல்லில் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டவர், தலை நிமிராமலே சொன்னார்: "செத்தவங்க போட்டோவுக்குத்தான் தம்பி தினமும் மாலை போவுது. பாதிப் பேருக்கு நல்ல போட்டோவே இருக்காது. கல்யாண குரூப் போட்டோவுல இருந்து தலைய மட்டும் வெட்டி எடுத்து மாட்டுவாங்க. பக்கத்துல யாரோ ஒருத்தர் தோள் தெரியும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அப்போது எடுத்தது ஒன்றே ஒன்று.

திரையில் காட்டினேன். ஈரக்கையைச் சேலையில் துடைத்து, போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"கழுவிக் குடு தம்பி. சட்டம் கிட்டம் வேணாம், கைக்கு அடக்கமா இருக்கட்டும். ஊர்ல மகளுக்கு அனுப்பணும்."