கைப்பிடிக்குள் ஒரு கைவேலை

1977இல் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்காக, கிராஃப்ளெக்ஸ் என்ற பழைய கேமரா ஃப்ளாஷின் கைப்பிடியை ஒளிவாளாக மாற்றினார் ரோஜர் கிறிஸ்டியன். வாளின் ஒளி பிறகு படச்சுருளில் சேர்க்கப்பட்டது. இன்றைய ரசிகர்களோ அதே போன்ற குழாய்க்குள் பேட்டரி, ஒலிப் பலகை, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அடக்கி, வாளை நிஜமாகவே ஒளிரவும் உறுமவும் வைக்கிறார்கள். அத்தனையையும் தாங்கும் உள்சட்டம்தான் சாஸி.

வழக்கமான 18650 பேட்டரி மட்டுமே 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம். மிச்ச இடத்தில்தான் அழகு பார்க்க வேண்டும். 3டி பிரிண்டரிலிருந்து வரும் சட்டத்தில் வரிவரியாகத் தடம் இருக்கும். 220 உப்புத்தாளில் தொடங்கி 400, 800 என்று தேய்க்க வேண்டும். பிரைமர் அடித்ததும் ஒளிந்திருந்த கீறல்கள் வெளிவரும், மறுபடி தேய்ப்பு. கறுப்பு பெயின்ட் காய்ந்தபின், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையில் வெள்ளி நிறம் தொட்டு விளிம்புகளை மட்டும் வருடினால், பிளாஸ்டிக் தேய்ந்த இரும்பாகிவிடுகிறது! பக்கவாட்டில் பித்தளைக் கம்பி ஓட்டினால் இன்னும் எடுப்பு. ஆனால் ஒயர் முனைகள் அதில் படாமல் உறை போட வேண்டும். பூச்சு கனத்தால் சட்டம் குழாய்க்குள் இறங்காது.

மூடிவிட்டால் யாருக்கும் தெரியாத இடம்தான். அங்கேயும் குறை வைக்காதவரே நல்ல கைவினைஞர்.