அண்ணாமலையார் பாட்டுக்கு கதீட்ரல் ரிவெர்ப் எதுக்கு?

அண்ணாமலையார் மேல இப்போ வர்ற பக்திப் பாடல்களில் நிறைய ஒரே மாதிரி கேட்குது. பாடுறவர் எங்கேயோ ஒரு குகைக்குள்ள நிக்கிற மாதிரி, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாடியும் மூணு விநாடி இழுக்கும் ரிவெர்ப். 'கோயில் ஃபீல்' வரணும்னு போடுறாங்க. என் வாதம் ரெண்டு: அது நம்ம கோயிலின் ஒலி இல்லை. அதோட, அது தமிழைத் தின்னுடுது.

முதல் விஷயம். 1890களில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் ஒரு அறையில் ஒலி எவ்வளவு நேரம் தங்கும்னு அளந்தார். உறிஞ்சுதலை அளக்க அவர் வைத்துக்கொண்ட அலகு, திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது. இதை திருவண்ணாமலைக்குப் பொருத்திப் பாருங்க. 217 அடி ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனா வெளிப் பிரகாரங்களுக்குக் கூரையே இல்லை, மேலே வானம்தான். அதாவது பிரம்மாண்டமான ஒரு திறந்த ஜன்னல். நாதஸ்வரமும் தவிலும் அவ்வளவு உரக்க ஒலிப்பது இந்த மாதிரி வெளிக்குப் பொருந்துது. ஆயிரங்கால் மண்டபத்திலோ தூண்கள் ஒலியை நாலாபக்கமும் சிதறடிக்கும். கருவறை சின்னக் கல் அறை. கொஞ்சம் கும்முனு அதிரும், ஆனா நீளாது. 5 விநாடிக்கு மேல ஒலி தங்குவது ஐரோப்பாவின் பெரிய கதீட்ரல்களில். பிளகினில் 'கதீட்ரல்' பிரீசெட்டைத் தட்டிட்டு அதைக் கோயில்னு சொல்றது இரவல் வாங்கின பக்தி.

ரெண்டாவதுதான் எனக்கு முக்கியம். பட்டு–பாட்டு, விடு–வீடு: தமிழில் குறில் நெடிலானா பொருளே மாறிடும். வல்லின ஒற்று இன்னும் நுட்பமானது. 'பத்து'ன்னு சொல்லிப் பாருங்க; நடுவில் காற்று அடைபட்டு ஒரு குட்டி மௌனம் வரும். அந்த மௌனம்தான் ஒற்று. ரிவெர்ப் முதலில் நிரப்புவது அதைத்தான். விநாடிக்கு நாலு அசை பாடினா, 3 விநாடி ரிவெர்பில் ஒவ்வொரு அசைக்குப் பின்னாடியும் முந்தின பன்னிரண்டு அசைகளின் வால் தேஞ்சுக்கிட்டே ஓடும். மெல்லிசைக்கு அது அழகா இருக்கலாம். மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது இந்த ஊரில்தான் என்பது மரபு. அந்தப் பாட்டுக்குச் சொல் போயிட்டா என்ன மிச்சம்?

இன்னொண்ணும் யோசிக்கணும்: இந்தப் பாட்டு எங்கே ஒலிக்கப் போகுது? பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில். 50 மீட்டர் இடைவெளியில் கட்டின ரெண்டு குழாய் ஸ்பீக்கரில் ஒரே பாட்டு ஓடுதுன்னு வைங்க. ஒண்ணின் அடியில் நிக்கிறவருக்கு அடுத்ததின் ஒலி சுமார் 145 மில்லி செகண்ட் தாமதமா வரும். காசில்லாம ஒரு டிலே! மிக்ஸில் ஏற்கெனவே ஊறவைத்த பாட்டு அங்கே வெறும் இரைச்சல்.

அதுக்காக ரிவெர்பே கூடாதுன்னு சொல்லலை. 2005இல் வந்த இளையராஜாவின் 'திருவாசகம்' ஆல்பத்தில் வாசித்தது புடாபெஸ்ட் சிம்பொனி. வாத்தியங்களுக்குப் பின்னால் பெரிய வெளி இருக்கு, குரலோ நம்ம பக்கத்தில் நிக்குது. எனக்கு அந்த மிக்ஸில் பிடிச்சது இந்த ரெண்டு தூரமும்தான்.

மிக்ஸ் பழகுறவங்களுக்கு என் குறிப்பு: குரலின் ரிவெர்பை ஒண்ணேகால் விநாடிக்குள் வைங்க. 40–60 மில்லி செகண்ட் ப்ரீ-டிலே கொடுத்தா எழுத்தின் தொடக்கம் சுத்தமா வரும். ரிவெர்ப் ரிட்டர்னில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிடுங்க. அகலம் வேணும்னா டிலே போடுங்க: 60,000ஐ டெம்போவால் வகுத்தா ஒரு தாளத்தட்டு எத்தனை மில்லி செகண்ட்னு வரும். 80க்கு 750, அதில் பாதி 375. பாடும்போது டிலே தணிஞ்சு, வரி முடிஞ்சதும் எழும்புற மாதிரி டக்கிங் வைங்க.

கடைசியா, பாட்டை போன் ஸ்பீக்கரில் போட்டு, அந்த வரிகளை முன்னே கேட்டிராத ஒருத்தரை எழுதச் சொல்லுங்க. ஒற்று விடுபட்ட இடமெல்லாம் நீங்க ரிவெர்ப் குறைக்க வேண்டிய இடம்.