சீருடைக்குள் இருக்கும் உடல்

சென்ற பருவத்தில் என் மாணவி ஒருத்தி ராணுவத்தில் சேரத் தேர்வெழுதப் போவதாகச் சொன்னாள். "போரைப் பத்திப் படிக்க ஏதாவது சொல்லுங்க மேடம், வீரவசனம் இல்லாததா" என்றாள். போர் நாவல், அறிவியல் புனைகதை இரண்டையும் ஆண்களின் அலமாரி என்று நெடுநாள் ஒதுக்கி வைத்திருந்தவள் நான். அவளுக்குக் கொடுப்பதற்கு முன் நானே படித்துவிட நினைத்து மூன்று நூல்களை எடுத்தேன்.

முதலில் ஜோ ஹால்ட்மேனின் 'தி ஃபாரெவர் வார்'. 1974இல் வந்தது, அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ, நெபுலா விருதுகள் இரண்டையும் பெற்றது. ஹால்ட்மேன் வியட்நாம் போரில் காயம்பட்டுத் திரும்பியவர். விண்வெளியில் நடக்கும் ஒரு போருக்குள் அந்த அனுபவத்தை வைத்திருக்கிறார். வீரன் சில மாதங்கள் சண்டையிட்டுத் திரும்புவதற்குள் பூமியில் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. திரும்பி வந்தவனுக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீளும் அந்தப் போர், தவறான புரிதலில் தொடங்கியது என்று கடைசியில் தெரிகிறது. போரின் வெறுமையை இவ்வளவு தெளிவாகச் சொன்ன நாவலை நான் அதிகம் படித்ததில்லை.

ஆனால் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். இந்த ராணுவத்தில் ஆணும் பெண்ணும் சமம், சேர்ந்தே சண்டையிடுகிறார்கள். கூடவே, பெண் வீரர்கள் ஆண்களின் பாலியல் விருப்பத்துக்கு இணங்குவது வழக்கம் மட்டுமல்ல, சட்டமும்கூட. களைத்து வந்து தூங்க ஏங்கும் பெண்களைக் காத்திருக்கும் ஆண்களிடம் அனுப்பும் காட்சி, போகிறபோக்கில் வந்து போகிறது. காலத்தின் வளைவைக் கணக்குப் போட்டுக் காட்டும் எழுத்தாளருக்கு, அந்தப் பெண்களில் ஒருத்தி என்ன நினைத்தாள் என்று கேட்கத் தோன்றவில்லை. முடிவில், நாயகனுக்குச் சமமாகப் போரிட்ட மேரிகே, அவன் வரும்வரை முதுமையடையாமலிருக்க விண்கலத்தில் சுற்றியபடி காத்திருக்கிறாள். காதலாகப் படித்தால் நெகிழ்ச்சிதான். எனக்கோ, எந்த நூற்றாண்டிலும் காத்திருப்பது நாம்தானா என்ற எரிச்சல் வந்தது.

அடுத்தது, பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச் 1985இல் வெளியிட்ட நூல். போருக்குப் பெண்முகம் இல்லை என்று பொருள்படும் தலைப்பு. இரண்டாம் உலகப் போரில் எட்டு முதல் பத்து லட்சம் பெண்கள் சோவியத் படையில் பணியாற்றினார்கள். குறிபார்த்துச் சுட்டவர்கள், விமானமோட்டிகள், மருத்துவப் பணியாளர்கள் எனப் பலரையும் தேடிப்போய்ப் பேசவைத்திருக்கிறார். ஆண்களின் உள்ளாடையோடு கழிந்த ஆண்டுகள், பஞ்சும் துணியும் கிடைக்காமல் நடந்த பாதையெங்கும் சிந்திய உதிரம், ஊர் திரும்பியபின் கிடைத்த ஏச்சுக்குப் பயந்து பதக்கங்களை ஒளித்து வைத்தது என்று நீள்கிறது அவர்களின் நினைவு. முதல் பதிப்பில் தணிக்கை பலவற்றை வெட்டியது. வீராங்கனையைச் சாதாரணப் பெண்ணாக்கிவிட்டாய் என்பது தணிக்கையாளரின் குற்றச்சாட்டு. வெட்டப்பட்டவற்றையும் அந்த உரையாடலையும் பின்னாளில் அவர் நூலில் சேர்த்தார். ஹால்ட்மேனின் கற்பனை எட்டாத இடத்தை இந்தப் பெண்கள் நினைவிலிருந்தே தொட்டுவிட்டார்கள்.

மூன்றாவது, வங்கத்து ரொக்கையா எழுதிய 'சுல்தானாவின் கனவு'. 1905இல் நம் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் ஆங்கிலத்தில் வெளியான சிறுகதை. அடைக்கலம் தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப அரசி மறுக்கிறாள். அதனால் போர் வருகிறது. ஆண்படை தோற்றுப்போகிறது. பெண்கள் பல்கலைக்கழகத்தின் தலைவி 2,000 மாணவிகளோடு களத்துக்குப் போய், சேமித்த சூரிய வெப்பத்தைப் பகைவர் மேல் பாய்ச்சுகிறாள். அவர்கள் ஓடிவிட, விட்டுப்போன ஆயுதங்கள் எரிக்கப்படுகின்றன. அந்த நாட்டில் சமைப்பதும் சூரிய வெப்பத்தில்தான். அடுப்புக்கும் போருக்கும் ஒரே அறிவு.

இதிலும் எனக்குக் குறையுண்டு. ஆண்களை வீட்டுக்குள் அடைத்துவிடுவது சிறையின் சாவியைக் கைமாற்றுவதுதான். சிறை அப்படியே இருக்கிறது. அது கேலி என்று தெரிந்தும் உறுத்துகிறது. ஆனாலும் ஒரு போர் எதற்காக, யாருடைய அறிவால் நடக்கிறது என்று இவர் கேட்டுவிட்டார். பெண் கையில் துப்பாக்கி கொடுத்தாலே சமத்துவம் வந்துவிட்டதாக எண்ணும் கதைகள் அந்தக் கேள்விப் பக்கமே போவதில்லை.

மூன்றையும் மாணவியிடம் கொடுத்தேன். ஹால்ட்மேனைக் கொடுக்கத் தயக்கமிருந்தது. மறைப்பது தணிக்கையாளர் வேலை என்று அதையும் சேர்த்தே கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வந்தாள். தேர்வெழுதும் முடிவில் மாற்றமில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கணும் மேடம். பயிற்சி முகாம்ல இதெல்லாம் யார்கிட்ட கேக்கறது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "போய்க் கேளும்மா. யார் என்ன சொன்னாங்கன்னு எழுதி வை" என்றேன்.