சட்டம் காட்டுவதும் மறைப்பதும்

ஒரு டைலுக்கு மரச்சட்டம் போடுவதில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. ஓரங்களை 45 டிகிரி சாய்த்து அறுத்து ஒட்டிய சாதாரணப் படச்சட்டம் தான் உருவான விதத்தை மறைத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் 'கிராஃப்ட்ஸ்மன்' பாணிச் சட்டம் இதற்கு நேர் எதிர். ஒரு கட்டையில் துளை, மறு கட்டையின் முனையில் கழுந்து. கழுந்து துளையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். 'பார், இப்படித்தான் செய்தேன்' என்கிறது. ரஸ்கின், மாரிஸ் வழிவந்த இந்த 'நேர்மை'யைச் சித்தாந்தமாகவே பரப்பியவர் கஸ்டவ் ஸ்டிக்லி. 1901இல் அவர் தொடங்கிய 'தி கிராஃப்ட்ஸ்மன்' பத்திரிகையின் முதல் இதழே மாரிஸுக்கானது.

நானும் ஆறங்குல டைல் ஒன்றுக்கு ஓக் மரத்தில் அப்படியொரு சட்டம் செய்தேன். கையால் செய்த டைல் சரிசதுரமாக இருக்காது. மரமோ ஈரத்தில் உப்பும், உலர்ந்தால் சுருங்கும். டைல் அசையாது. ஆகவே சுற்றிலும் ஒரு மில்லிமீட்டராவது இடம் விட்டுத்தான் உட்கார வைக்க வேண்டும். இறுக்கிப் பிடிச்சா போச்சு. முடிந்த சட்டத்தில் கழுந்து தெரியும்; இந்த அறிவு தெரியாது.

அந்தப் பழுப்பு நிறமும் மரத்தின் 'இயல்பு' அல்ல. ஓக்கை அம்மோனியா ஆவியில் மூடிவைத்தால் மரத்திலுள்ள டானின் அதோடு வினைபுரிந்து கறுக்கிறது. கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வேலை. சாமானில் இருப்பதோ ஸ்டிக்லியின் முத்திரை. ஆவி பிடித்தவன் பெயர் இல்லை. போட்டித் தயாரிப்பாளர்கள் சிலர் துளையே போடாமல் பொய்க் கழுந்தை ஒட்டி விற்றார்கள். நேர்மை ஒரு குறிப்பானாக மாறிவிட்டால் பிறகு குறிப்பான் மட்டும் போதும். 1988இல் ஸ்டிக்லியின் சாப்பாட்டறை அலமாரி ஒன்று 3,63,000 டாலருக்கு ஏலம் போனது.

இதை யாருடைய கதையோ என்று நாம் விட்டுவிட முடியாது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி இதே இயக்கத்தின் இங்கிலாந்து வட்டத்தில் இருந்தவர். அவருடைய 'மெடீவல் சிங்களீஸ் ஆர்ட்' (1908) மாரிஸின் அச்சு இயந்திரத்தில் அச்சானது. அடுத்த ஆண்டு வந்த 'தி இந்தியன் கிராஃப்ட்ஸ்மன்' பரம்பரைத் தொழிலையும் சாதிக் கட்டமைப்பையும் கைவினைஞனின் காப்பாகப் பார்த்தது. விட முடியாத தொழில் காப்பா, சிறையா? அந்தச் சட்டகத்துக்குள் இந்தக் கேள்விக்கு இடமில்லை.

ஆனாலும் ஸ்டிக்லியை மொத்தமாகத் தூக்கிப்போட நான் தயாரில்லை. 1915இல் அவர் திவாலானார். 1916இல் பத்திரிகை நின்றது. அதற்கு முன்பே அது, மேசை நாற்காலிகளை வாசகரே செய்துகொள்ளும்படி அளவுகளோடு வரைபடங்களை வெளியிட்டிருந்தது. தொழில் ரகசியத்தைக் கம்பெனிக்குள்ளோ சாதிக்குள்ளோ பூட்டிவைக்காமல் தெருவுக்குக் கொண்டுவந்த காரியம் அது. கழுந்தைக் காட்டுவது வேறு, அளவைக் கொடுப்பது வேறு. நம் எழுத்து இவற்றில் எதைச் செய்கிறது என்று நாமும் கேட்டுக்கொள்ளலாம்.