மணக்காத 'நறுமணச் சேர்மங்கள்'

பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்கிப் பருகியவர்களுக்கு அதிலுள்ள இரண்டு மணங்கள் நன்றாகத் தெரியும். ஒன்று பச்சைக் கற்பூரம், மற்றொன்று துளசி. எங்கள் திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாள் சந்நிதியானாலும் சரி, உங்கள் ஊர்க் கோயிலானாலும் சரி, இதில் மாற்றமில்லை. இவ்விரண்டில் எது 'நறுமணச் சேர்மம்' என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இரண்டுந்தான் என்பீர்கள். ஆனால் வேதியியல் நூல் அப்படிச் சொல்லாது. துளசியின் மணத்துக்குப் பெரிதும் காரணமான யூஜினாலை மட்டும் அது அந்த வகுப்பில் சேர்க்கும். கற்பூரத்தை வெளியே நிறுத்திவிடும்.

கற்பூரம் மட்டுமா? ஏலக்காயின் சினியோல், எலுமிச்சைத் தோலின் லிமோனீன், ரோஜாவின் ஜெரானியால் ஆகிய எவையும் 'நறுமணச் சேர்மங்கள்' அல்ல. மாறாக, மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசினும், காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமாலும் நறுமணச் சேர்மங்களாம்! அவற்றுக்கு மணமே கிடையாது. அனிலினும் இவ்வகுப்பைச் சேர்ந்ததே. அழுகிய மீனை நினைவூட்டும் அதன் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர், இப்பெயரைச் சூட்டியவர் மீது கோபப்படவே செய்வார்.

இயற்பியல் ஆசிரியனுக்கு வேதியியல் கலைச்சொல்லில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. பின்னால் சொல்கிறேன்.

முதலில் பெயர் வந்த கதையைப் பார்ப்போம். சாம்பிராணி என்று நாம் தூபமிடும் பிசின்களுள் ஒன்று பென்சாயின். 'ஜாவாவின் சாம்பிராணி' என்னும் பொருள்படும் அரபுச் சொல்லே ஐரோப்பியர் வாயில் திரிந்து பென்சாயின் ஆயிற்று. அந்தப் பிசினிலிருந்து கிடைத்தது பென்சாயிக் அமிலம். அதைச் சுண்ணாம்புடன் சேர்த்துச் சூடாக்கி, 1830-களில் மிட்செர்லிக் ஒரு நீர்மத்தை வடித்தெடுத்தார். அதே நீர்மத்தை ஃபாரடே 1825-லேயே விளக்கெரிக்கும் வாயுவின் எண்ணெய்க் கசடிலிருந்து பிரித்திருந்தார். அதுதான் பென்சீன். சாம்பிராணி, வாதுமை, இலவங்கம் போன்ற மணமுள்ள பொருள்களிலிருந்து கிடைத்தவற்றில் பல பென்சீனின் உறவுகளாக இருந்தமையால், 1855-இல் ஹாஃப்மன் இக்கூட்டத்துக்கு 'அரோமாட்டிக்' என்று பெயரிட்டார். அன்றைக்கு அது பொருத்தமாகவே இருந்தது. மூலக்கூற்றின் அமைப்பு யாருக்கும் தெரியாத காலம் அது. மூக்கை நம்புவதன்றி வேறு வழியில்லை.

பிறகு வகுப்பு வளர்ந்தது, பொருள் மாறியது. சொல் மட்டும் மாறவில்லை. இன்று ஒரு சேர்மம் இவ்வகுப்பைச் சேர்ந்ததா என்று தீர்மானிப்பது மணம் அன்று, எலெக்ட்ரான்கள். பென்சீன் வளையத்தில் ஆறு கார்பன் அணுக்கள் உள்ளன. அவற்றிடையே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி இருப்பதாகப் படம் போடுகிறோம். ஒற்றைப் பிணைப்பின் நீளம் 1.54 ஆங்ஸ்ட்ராம், இரட்டைப் பிணைப்பின் நீளம் 1.34 ஆங்ஸ்ட்ராம். பென்சீனை அளந்து பார்த்தால் ஆறும் ஒரே நீளம், சுமார் 1.39 ஆங்ஸ்ட்ராம்! ஆறு எலெக்ட்ரான்கள் எந்த ஒரு பிணைப்புக்கும் சொந்தமாகாமல், வளையம் முழுவதற்கும் பொதுவாகப் பரவியிருக்கின்றன. ஊர்ப் பொதுக்கிணறு போல என்று வைத்துக்கொள்ளலாம். இந்தப் பொதுவுடைமையால் மூலக்கூற்றுக்கு மோலுக்குச் சுமார் 36 கிலோ கலோரி அளவு கூடுதல் நிலைப்புக் கிடைக்கிறது. அரோமாட்டிக் தன்மை என்பது இதுவே.

இதைக் கற்பிக்கும்போது நம் நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் என்ன செய்கின்றன? கெக்குலே கண்ட கனவைச் சொல்கின்றன. பாம்பு தன் வாலைத் தானே கவ்வியதாம், வளையம் பிறந்ததாம். 1865-இல் வெளியிட்ட கருத்துக்கு 1890-ஆம் ஆண்டு விழா மேடையில் அவர் சொன்ன கதை அது. சுவையான கதைதான், மறுக்கவில்லை. ஆனால் வளையம் உண்மையில் தட்டையாக இருக்கிறதா, எலெக்ட்ரான்கள் அதில் சுற்றி வருகின்றனவா என்பதைக் கனவு காட்டாது. அளவீடுதான் காட்டும்.

அந்த அளவீட்டில் நம்மவர் ஒருவருக்குப் பெரும் பங்குண்டு. எங்கள் விருதுநகர் மாவட்டத்தில், மேற்கு மலையடிவாரத்து வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவர். இராமனுடன் ஒளிச் சிதறலில் உழைத்தவர் என்று மட்டுமே அவரை நம் மாணவர்கள் அறிவார்கள். 1928 முதல் டாக்காவிலும், 1933 முதல் கல்கத்தாவிலும் அவர் செய்த வேலை வேறு. நாஃப்தலீன் போன்ற பொருள்களின் படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது எந்தப் பக்கம், எவ்வளவு விசையுடன் திரும்புகிறது என்று அளந்தார். நாஃப்தலீன் வேறொன்றுமில்லை, துணிகளுக்கிடையே நாம் போடும் அந்துருண்டைதான். வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் காந்தம் இம்மூலக்கூறுகளை விலக்கும் வலிமை, தளத்தினூடே உள்ளதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! எலெக்ட்ரான்கள் வளையம் முழுவதும் ஓடினாலன்றி இவ்வளவு வேறுபாடு வராது. பென்சீன் வளையம் தட்டையானது என்பதை 1929-இல் எக்ஸ் கதிரால் நிறுவிய காத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் 1936-இல் இதுபற்றிச் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். ஜெர்மானியரின் பாம்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கும் நூல், வத்திராயிருப்புக்காரரின் இழைக்கு ஒரு வரி ஒதுக்கக் கூடாதா?

இனி, நான் இதில் தலையிட்ட காரணம். விடுமுறையில் ஓர் அச்சகத்தில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவரிடம், மை கரைக்கும் டொலுவீனைக் கவனமாகக் கையாளுமாறு சொன்னேன். "சார், அது வாசனை நல்லாத்தானே இருக்கும்? புத்தகத்திலும் நறுமணச் சேர்மம்னுதானே போட்டிருக்கு?" என்றார். நான் திகைத்துப்போனேன்.

சிவகாசி வட்டாரத்தில் இது சிரித்துவிட்டுப் போகிற செய்தி அன்று. வாணவெடியின் நிறம் உலோக உப்புகளிலிருந்து வருகிறது. வெடிப்பெட்டியின் நிறமோ வளையங்களிலிருந்து வருகிறது. நாட்காட்டியிலும் பட்டாசு லேபிளிலும் உள்ள மஞ்சளும் சிவப்பும் பெரும்பாலும் அசோ நிறமிகள், நீலம் தாலோசயனின். எல்லாம் அரோமாட்டிக் சேர்மங்களே. சீழ்க்கை அடித்துக்கொண்டு மேலே போகும் வாணத்தில்கூட, சாம்பிராணி அமிலத்தின் உப்பான பொட்டாசியம் பென்சோயேட்டு பயன்படுவதுண்டு. இவற்றோடு உருளை துடைக்கும் பெட்ரோலையும் மை கரைக்கும் டொலுவீனையும் நாள் முழுதும் சுவாசிப்பவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

டொலுவீன் தலைவலியும் மயக்கமும் தரும். ஆயினும் அதில் ஒரு மெத்தில் தொகுதி கைப்பிடி போல நீட்டிக்கொண்டிருக்கிறது. உடல் அதைப் பிடித்து ஆக்சிஜனேற்றி, பெரும்பகுதியைப் பென்சாயிக் அமிலமாக்கிச் சிறுநீரில் தள்ளிவிடும். பென்சீனில் அத்தகைய கைப்பிடி இல்லை. கல்லீரல் வளையத்தையே தாக்கவேண்டி வருகிறது. அதில் பிறக்கும் பொருள்கள் எலும்பு மச்சையைக் கெடுக்கின்றன. இரத்தப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் என்பது நிறுவப்பட்ட உண்மை. பெட்ரோலில் பென்சீன் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று இந்தியாவில் விதி இருப்பது இதனால்தான். இந்தப் பென்சீனின் மணம் எப்படிப்பட்டது தெரியுமா? இனிப்பானது.

ஆங்கிலத்திலும் 'அரோமாட்டிக்' என்றால் மணமுள்ளது என்றுதானே பொருள், அவர்கள் குழம்பவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நமக்கு அச்சொல் வெறும் பெயர். 'நறுமணம்' அப்படியன்று. அது மல்லிகைப் பூவோடும் சாம்பிராணிப் புகையோடும் சிறுவயதிலிருந்தே நம்மிடம் ஒட்டிக்கொண்ட சொல். அதைக் கேட்டதும் நம் மனம் அஞ்சாது, அருகே செல்லும். தமிழில் கலைச்சொல் வேண்டுமென்று உழைத்தவர்களை நான் குறை கூறவில்லை. அவர்கள் சொல்லைப் பெயர்த்தார்கள், பொருளைப் பெயர்க்கவில்லை என்பதே என் வருத்தம். 'அரோமாட்டிக்' என்றே எழுதும் நூல்களும் இருக்கின்றன. இப்போதைக்கு அவையே மேல்.

'வளையச் சேர்மம்' என்று சொல்லலாமே என்றார் எங்கள் வேதியியல் துறை நண்பர் ஒருவர். மறுகணமே, "சைக்ளோஹெக்சேனும் வளையந்தானே, அதில் பொது எலெக்ட்ரான் ஏது?" என்று தாமே தலையில் தட்டிக்கொண்டார். எலெக்ட்ரான்களின் பொதுமையைக் குறிக்கும் எளிய தமிழ்ச் சொல் வாசகர் எவருக்கேனும் தோன்றினால் இவ்விதழுக்கு எழுதுங்கள். அதுவரை என் வகுப்பில் 'நறுமணச் சேர்மம்' என்ற இடங்களில் எல்லாம் மாணவர்கள் பென்சிலால் அடித்துவிட்டு 'அரோமாட்டிக்' என்று எழுதிக்கொள்கிறார்கள்.